எதை எத்தனை செய்வது? சிறு கைவினைப் பட்டறைக்கு ஓர் உகப்பாக்கக் கணக்கு

கைவினைப் பட்டறை நடத்துகிற ஒருவரிடம், “எந்தப் பொருளில் உங்களுக்கு லாபம் அதிகம்?” என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும். “அப்படியானால் வாரம் முழுவதும் அதையே செய்யலாமே?” என்று அடுத்துக் கேட்டால் பேச்சு தடுமாறும். அதற்கு நேரம் பிடிக்கும், மூலப்பொருள் போதாது, எல்லோரும் அதை வாங்குவதில்லை என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வரும். அந்தக் காரணங்களையெல்லாம் எண்களாக்கித் தாளில் எழுதிவிட்டால், வாரத்துக்கு எதை எத்தனை செய்வது என்ற கேள்விக்கு ஊகம் இல்லாத விடை கிடைக்கும். அதைச் செய்து தருகிற கணிதத்துக்கு உகப்பாக்கம் என்று பெயர். அளவாக இருக்கும் நேரத்தையும் பொருளையும் வைத்துக்கொண்டு ஆகச் சிறந்த பலனைக் கண்டுபிடிக்கும் முறை அது.

பெரிய ஆலைகளுக்கு மட்டுமே உரிய கணக்கு இது என்று நினைக்க வேண்டாம். இங்கே நாம் பயன்படுத்தப்போகும் முறை பிறந்ததே மரவேலை தொடர்பான ஒரு கேள்வியில்தான். 1939இல் லெனின்கிராடில், ஒட்டுப்பலகை உற்பத்தியில் எந்த இயந்திரத்துக்கு எந்த மரத்தை ஒதுக்குவது என்ற சிக்கலைத் தீர்க்கப் போய்த்தான் லியோனிட் கான்டொரோவிச் என்ற சோவியத் கணிதவியலாளர் இந்த முறைக்கு அடித்தளம் போட்டார். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் ‘சிம்ப்ளெக்ஸ்’ என்ற தீர்வு முறையைக் கண்டுபிடித்தார். இன்று உங்கள் கணினியில் உள்ள அட்டவணை மென்பொருளுக்குள் அதே முறை உட்கார்ந்திருக்கிறது. பெருக்கலும் கூட்டலும் தெரிந்த யாரும் இதைப் பயன்படுத்தலாம்.

விளக்கத்துக்காக ஒரு பிரம்புப் பட்டறையை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேர் பின்னுகிறார்கள், ஒருவர் அரை நேரம் மெருகு வேலை பார்க்கிறார். கூடை, விளக்குக் கூண்டு, தட்டு ஆகிய மூன்றும் அவர்களுடைய பொருள்கள். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. பணத்தை வெறும் எண்ணாகவே எழுதுகிறேன், உங்கள் நாணயத்தில் படித்துக்கொள்ளுங்கள். மண்பாண்டமோ தோல் வேலையோ நெசவோ செய்கிறவர்கள் பிரம்பு என்ற இடத்தில் களிமண், தோல், நூல் என்று போட்டுக்கொண்டால் கணக்கு மாறாது.

படி 1: கடிகாரமும் நோட்டும்

கணினிக்குப் போகும் முன் இரண்டு வாரம் அளந்து எழுதுங்கள். இந்தப் படியை அவசரமாகத் தாண்டியவர்களின் கணக்கு பின்னால் எங்கோ இடறும்.

‘ஒரு கூடைக்கு ஒன்றரை மணி நேரம்’ என்று கைவினைஞர் சொல்வது பெரும்பாலும் பின்னலுக்கு மட்டுமான நேரம். ஊறவைத்த பிரம்பை எடுத்துத் தரம் பிரிப்பது, அடிப்பாகத்துக்குக் குச்சிகளை அளந்து வெட்டுவது, நடுவில் ஒடிந்த கீற்றை உருவி மாற்றுவது, கடைசியில் விளிம்பு கட்டுவது, கைப்பிடி கோப்பது எல்லாம் அந்த ஒன்றரை மணிக்குள் வராது. ஒரு கூடையைத் தொட்ட நிமிடத்திலிருந்து கையைவிட்டு இறக்கும் வரை எழுதினால் அது இரண்டு மணி நேரமாக இருக்கும். ஒரு பொருளுக்கு ஐந்தாறு முறையாவது அளந்து சராசரி எடுங்கள். நல்ல நாளில் செய்த வேகமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரம்பையும் அப்படியே அளக்க வேண்டும். முடிந்த கூடையைத் தராசில் வைத்தால் கழிவு தெரியாது. வேலைக்கு எடுத்த பிரம்பை முதலில் நிறுத்து, மீண்டும் பயன்படக்கூடிய மிச்சத்தை மட்டும் கழியுங்கள். வெட்டுத்துண்டுகளும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியவைதான்.

அளந்ததில் கிடைத்தவை இவை என்று வைத்துக்கொள்வோம்.

கூடை: பின்னல் 2 மணி, பிரம்பு 1.5 கிலோ, மெருகு 0.5 மணி.
விளக்குக் கூண்டு: பின்னல் 5 மணி, பிரம்பு 1 கிலோ, மெருகு 0.75 மணி.
தட்டு: பின்னல் 1 மணி, பிரம்பு 0.6 கிலோ, மெருகு 0.25 மணி.

படி 2: ஒவ்வொரு பொருளும் விட்டுச்செல்லும் மிச்சம்

விற்ற விலையிலிருந்து, அந்த ஒரு பொருளைச் செய்ததால் மட்டுமே ஏற்பட்ட செலவைக் கழித்தால் வருவதை நான் மிச்சம் என்று சொல்கிறேன். விளக்குக் கூண்டு 400க்கு விற்கிறது. அதில் பிரம்பு 40, கம்பிச் சட்டமும் விளக்குப் பிடிப்பானும் 60, வார்னிஷும் உப்புத்தாளும் 10, பொதிகட்டல் 15, விற்றுத் தரும் கடைக்குக் கமிஷன் 30. மொத்தம் 155 போக மிச்சம் 245. இதே முறையில் 210க்கு விற்கும் கூடையில் 90 போக 120, 90க்கு விற்கும் தட்டில் 38 போக 52 மிஞ்சுகின்றன.

பட்டறை வாடகையை ஒவ்வொரு பொருளின் தலையிலும் பங்கு போட்டுக் கழிக்கக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். நீங்கள் எதைச் செய்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும் வாடகை அதேதான். ‘எதைச் செய்வது’ என்ற முடிவால் மாறாத செலவு இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது. மொத்த மிச்சம் கிடைத்த பிறகு அதிலிருந்து வாடகையைக் கழித்துக்கொள்ளலாம். கூலிக்கும் இதே விதிதான். வாரச் சம்பளம் என்றால் கழிக்க வேண்டாம், ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் கழிக்க வேண்டும். நம் பட்டறையில் வாரச் சம்பளம்.

படி 3: கட்டுப்பாடுகளை எழுதுவது

இரண்டு பேர், ஆளுக்கு வாரம் 40 மணி நேரம், ஆகப் பின்னல் 80 மணி. நாற்பதுக்கு மேல் ஏன் இழுக்கவில்லை என்று கேட்கலாம். ஒரே அசைவை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் விரல்களும் மணிக்கட்டும் பல ஆண்டு உழைக்க வேண்டும். கை தாங்கும் நேரத்தை மட்டுமே கட்டுப்பாடாக எழுதுங்கள். கணினிக்கு வலி தெரியாது, 60 என்று எழுதினால் அறுபதையும் செலவழித்துக் காட்டிவிடும்.

பிரம்பு வாரத்துக்கு 38 கிலோ கிடைக்கிறது, கிலோ 40. மெருகு வேலைக்கு 20 மணி நேரம் உண்டு.

முதலில் கூடையையும் விளக்குக் கூண்டையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். செய்யப்போகும் கூடைகளின் எண்ணிக்கை க, கூண்டுகளின் எண்ணிக்கை வி.

மிச்சம்: 120 க + 245 வி (இது எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக வேண்டும்)
பின்னல்: 2 க + 5 வி ≤ 80
பிரம்பு: 1.5 க + 1 வி ≤ 38
மெருகு: 0.5 க + 0.75 வி ≤ 20

முதல் வரியைக் குறிக்கோள் சார்பு என்பார்கள், மற்றவை கட்டுப்பாடுகள். க, வி இரண்டும் சுழிக்குக் கீழே போகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நேரியல் திட்டமிடல் என்ற பெயரில் படித்தது இதுதான். பட்டறை முழுவதும் நான்கு வரிக்குள் அடங்கிவிட்டது.

படி 4: வரைபடத் தாளில் ஒரு முறை

கணினி ஒரு நொடியில் விடை தரும் என்றாலும், முதல் முறை தாளில் போட்டுப் பாருங்கள். விடை எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் பின்னால் அதை நம்பவும் சந்தேகப்படவும் தெரியும்.

கிடை அச்சில் கூடை, செங்குத்து அச்சில் கூண்டு. பின்னல் நேரம் முழுவதையும் கூடைக்கே கொடுத்தால் 40 கூடை, கூண்டுக்கே கொடுத்தால் 16 கூண்டு. இந்த இரு புள்ளிகளையும் கோட்டால் இணையுங்கள். பிரம்புக்கும் அப்படியே, கூடை மட்டும் என்றால் 25.33, கூண்டு மட்டும் என்றால் 38. இரண்டு கோடுகளுக்கும் கீழே, மூலையை ஒட்டி இருக்கும் பரப்புதான் உங்களால் செய்ய முடிந்தவற்றின் எல்லை. மெருகுக் கோட்டையும் போட்டால் அது இந்தப் பரப்புக்கு வெளியே ஓடும். அதாவது மெருகு வேலைக்கு இந்த வாரம் தட்டுப்பாடு இல்லை.

நேர்கோடுகளால் சூழப்பட்ட பரப்பில் மிகப் பெரிய மிச்சம் ஏதாவது ஒரு மூலையில்தான் இருக்கும். ஆகவே மூலைகளைச் சோதித்தால் போதும். கூண்டு மட்டும் 16 செய்தால் 3,920. கூடை மட்டும் என்றால் 25 செய்யும்போதே பிரம்பு தீர்ந்துவிடும், மிச்சம் 3,000, பின்னுகிறவர்களுக்கு 30 மணி நேரம் வேலையில்லை. இரண்டு கோடுகளும் வெட்டும் மூலையில் க = 20, வி = 8. சரிபாருங்கள்: 40 + 40 = 80 மணி, 30 + 8 = 38 கிலோ. மிச்சம் 2,400 + 1,960 = 4,360.

ஒன்றுக்கு அதிக லாபம் தருவது கூண்டு (120க்கு எதிரே 245). மணி நேரத்துக்கு அதிக லாபம் தருவதோ கூடை (49க்கு எதிரே 60). இரண்டு வாதங்களும் சரியானவைதான், ஆனால் எந்த ஒன்றைப் பின்பற்றினாலும் வாரத்துக்குக் குறைந்தது 440 கைநழுவும்.

படி 5: கணினியில்

மூன்றாவது பொருள் சேர்ந்துவிட்டால் தாள் போதாது. அட்டவணை மென்பொருள் ஒன்றைத் திறங்கள். முதல் வரிசையில் பொருள்களின் பெயர்கள். இரண்டாவது வரிசையில் எண்ணிக்கைகள், இப்போதைக்கு எல்லாம் 0. மூன்றாவதில் மிச்சம், அடுத்த மூன்றில் பின்னல், பிரம்பு, மெருகு. வலப்பக்கத்தில் ஒரு நெடுவரிசையில், அந்தந்த வரிசையின் எண்களை எண்ணிக்கை வரிசையோடு பெருக்கிக் கூட்டும் சூத்திரம். அதற்கும் வலப்பக்கத்தில் கையில் உள்ள அளவு: 80, 38, 20.

எக்ஸெலில் ‘சால்வர்’ என்ற கருவி உண்டு. மெனுவில் தெரியாவிட்டால் ‘ஆட்-இன்ஸ்’ பகுதிக்குப் போய் இயக்கிவிட்டால் ‘டேட்டா’ பகுதியில் வந்துவிடும். விலையில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் ‘டூல்ஸ்’ மெனுவில் சால்வர் இருக்கிறது. மொத்த மிச்சம் உள்ள கட்டத்தைப் பெரிதாக்கு, எண்ணிக்கைக் கட்டங்களை மாற்றிப் பார், பயன்பட்ட அளவு கையில் உள்ள அளவைத் தாண்டாதே என்று மூன்றைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கைகள் சுழிக்குக் கீழே போகக் கூடாது என்ற பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸெலில் தீர்வு முறையாக ‘சிம்ப்ளெக்ஸ் எல்பி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள் (எல்பி என்பது நேரியல் திட்டமிடலின் ஆங்கிலச் சுருக்கம்).

1945இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர், 77 உணவுப் பொருள்களிலிருந்து தேவையான சத்துகளை மிகக் குறைந்த செலவில் பெறும் கணக்கை ஊகமும் பொறுமையுமாகப் போட்டு, ஆண்டுக்கு 39.93 டாலர் என்று விடை சொன்னார். 1947இல் சிம்ப்ளெக்ஸ் முறையால் அதைச் சரிபார்க்க, மேசைக் கணக்குப் பொறிகளுடன் உட்கார்ந்த ஒன்பது எழுத்தர்களுக்கு மொத்தம் 120 ஆள்-நாள் ஆயிற்று. சரியான விடை 39.69 டாலர். அனுபவமுள்ளவரின் ஊகம் எவ்வளவு அருகில் வரும் என்பதற்கு இது நல்ல சாட்சி. அன்று 120 நாள் உழைப்பைக் கேட்ட அந்தச் சிறு வித்தியாசம், இன்று உங்களுக்கு ஒரு பொத்தானை அழுத்தும் வேலை.

படி 6: ஒரு மணி நேரம் என்ன பெறும்?

‘20 கூடை, 8 கூண்டு’ என்ற விடை எனக்கு இரண்டாம்பட்சம். இந்தக் கணக்கு தரும் பெரிய பரிசு வேறொன்று.

பின்னல் நேரத்தை 80இலிருந்து 81 ஆக்கி மீண்டும் சால்வரை ஓட்டுங்கள். மிச்சம் 4,360இலிருந்து 4,405 ஆகும். அதாவது இந்தப் பட்டறையில் ஒரு மணி நேரப் பின்னல் 45 பெறும். பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பிரம்பை ஒரு கிலோ கூட்டினால் மிச்சம் 20 கூடும். மெருகு நேரத்தைக் கூட்டினால் எதுவும் மாறாது, அதன் மதிப்பு 0. இவற்றை நிழல் விலை என்பார்கள். எக்ஸெலில் தீர்வு வந்ததும் ‘சென்சிடிவிட்டி’ அறிக்கையைக் கேட்டால், எல்லா நிழல் விலைகளும், எவ்வளவு தூரம் வரை அவை செல்லும் என்பதும் கிடைக்கும். நம் கணக்கில் 45 என்பது கூடுதலாக 35 மணி நேரம் வரை செல்லும்.

கைவினைஞர்கள் பலர் தங்கள் கை நேரத்துக்கு விலையே போடுவதில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே’ என்று சொல்லிச் சொல்லியே பொருளின் விலையைக் குறைத்துவிடுகிறார்கள். அந்த நேரம் என்ன பெறும் என்பதை அவர்களுடைய பட்டறையின் எண்களே சொல்கின்றன.

இந்த இரண்டு விலைகளை வைத்துப் பல முடிவுகளை உடனே எடுக்கலாம். பிரம்பு வியாபாரி கூடுதலாகப் பத்து கிலோ தருகிறேன், ஆனால் கிலோ 55 என்கிறார். மிச்சத்தில் ஏற்கெனவே 40 கழித்தாயிற்று, அதற்கு மேல் 20 வரை கொடுக்கலாம். 60 வரை லாபம், ஆகவே 55க்கு வாங்கலாம். 65 கேட்டால் வேண்டாம்.

வாடிக்கையாளர் ஒருவர் தனக்கென்று ஒரு புது வடிவம் கேட்கிறார். 3 மணி பின்னல், 2 கிலோ பிரம்பு, மற்றச் செலவு 20 ஆகும் என்று மதிப்பிடுகிறீர்கள். பிரம்பின் விலை 80, மற்றச் செலவு 20, மூன்று மணி நேரத்துக்கு 135, இரண்டு கிலோவின் நிழல் விலை 40. கூட்டினால் 275. அதற்குக் கீழே ஒப்புக்கொண்டால், செய்யாமல் விட்ட கூடைக்கும் கூண்டுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். பேரம் தொடங்கும் முன் இந்த எண் மனத்தில் இருந்தால், தயங்காமல் பேசலாம்.

படி 7: தட்டை நிறுத்திவிடலாமா?

இப்போது தட்டையும் சேர்த்து ஓட்டினால் சால்வர் ‘தட்டு 0’ என்கிறது. அதிகமாக விற்கும் பொருள் தட்டு என்றால் இந்த விடை மனத்துக்கு ஒப்பாது. ஆனால் காரணம் எளியது. ஒரு தட்டுக்கு 1 மணி நேரம் (45), 0.6 கிலோ பிரம்பு (12). அது எடுத்துக்கொள்வது 57, தருவது 52. ஒவ்வொரு தட்டும் உங்களிடமிருந்து 5ஐ எடுத்துச்செல்கிறது. விலையை 5க்கு மேல் உயர்த்தினாலோ, பின்னல் நேரத்தை ஏழெட்டு நிமிடம் குறைத்தாலோ தட்டும் வரிசைக்குள் வந்துவிடும்.

அவசரப்பட்டுத் தட்டை நிறுத்திவிட வேண்டாம். நாம் எழுதாத ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: வாரம் எட்டு கூண்டுகளை யார் வாங்குவார்கள்? உண்மையில் ஆறுதான் விற்கும் என்றால் வி ≤ 6 என்ற வரியைச் சேர்க்க வேண்டும். தட்டு இல்லாமல் பார்த்தால் 21 கூடை, 6 கூண்டு, மிச்சம் 3,990. எட்டு மணி நேரம் வீணாகிறது. தட்டையும் அனுமதித்து ஓட்டினால் விடை தலைகீழாகிறது: கூண்டு 6, கூடை 6.67, தட்டு 36.67, மிச்சம் ஏறத்தாழ 4,177. கூண்டுக்கு ஆள் இல்லாதபோது பின்னல் நேரத்தின் விலை 45இலிருந்து 20க்கு இறங்கிவிட்டது, பிரம்பின் நிழல் விலை 20இலிருந்து 53க்கு ஏறிவிட்டது. குறைந்த பிரம்பில் முடியும் தட்டு இப்போது தகுதி பெறுகிறது. தட்டு அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றியிருக்கும் தட்டுப்பாடு மாறிவிட்டது.

விற்பனை எல்லையை எழுத மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை என்பது என் எண்ணம். எழுதாமல் விட்டால், விற்காத பொருளை அறை நிறைய அடுக்கச் சொல்லும் விடைகூட வரும். தட்டு வாங்க வருகிறவர்தான் கூடையையும் எடுத்துச்செல்கிறார் என்றால் அதையும் எழுத வேண்டும். குறைந்தது 10 தட்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

படி 8: முழு எண்கள்

6.67 கூடை பின்ன முடியாது. பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றி 7 கூடை, 37 தட்டு என்றால் நேரமும் பிரம்பும் இரண்டுமே போதாது. பயந்து கீழே இறக்கி 6 கூடை, 36 தட்டு, 6 கூண்டு என்றால் மிச்சம் 4,062. எண்ணிக்கைகள் முழு எண்களாக வேண்டும் என்று சால்வரிடமே கட்டுப்பாடாகச் சொல்லுங்கள். 6 கூடை, 38 தட்டு, 6 கூண்டு என்று தரும், மிச்சம் 4,166. நேரம் மிகச்சரியாக 80 மணி, பிரம்பு 37.8 கிலோ. வெறுமனே இறக்கியதைவிட 104 கூடுதல்.

எக்ஸெல் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். சால்வரின் விருப்பங்களில் முழு எண் தீர்வுக்கான சகிப்பு அளவு 1 சதவீதம் என்று இருக்கும், அதை 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஏறத்தாழச் சரியான விடையோடு அது நின்றுவிடக்கூடும். முழு எண் கட்டுப்பாடு இருக்கும்போது நிழல் விலை அறிக்கை கிடைக்காது. ஆகவே நிழல் விலைக்காக அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் ஒரு முறையும், வேலைத் திட்டத்துக்காக அதைச் சேர்த்து மறுமுறையும் ஓட்டுங்கள்.

படி 9: எவ்வளவு வாங்குவது, எவ்வளவு எடுத்துச்செல்வது

வாராந்தரத் திட்டத்தோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சிறு கணக்குகள் இரண்டு.

முதலாவது கொள்முதல். 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் அப்படியே உதவுகிறது. ஆண்டுத் தேவையை ஒரு முறை வாங்கப் போகும் செலவால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ஒரு கிலோவை ஓராண்டு சேமித்து வைக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். ஆண்டுக்கு 1,800 கிலோ, ஒரு முறை போய்வர 200, சேமித்து வைக்கக் கிலோவுக்கு 2 என்றால் 600 கிலோ வரும். ஆண்டுக்கு மூன்று முறை வாங்கலாம், மொத்தச் செலவு 1,200. இந்தச் சூத்திரத்தில் எனக்குப் பிடித்தது அதன் தாராளம். 600க்குப் பதில் 900 வாங்கினாலும் செலவு 1,300தான், எட்டு சதவீதமே கூடுகிறது. ஆகவே வண்டியின் கொள்ளளவுக்கு ஏற்ப முன்பின் வாங்கலாம், கிலோ கிலோவாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, கண்காட்சிக்கு எத்தனை கூண்டு கொண்டுபோவது என்பது. போதாமல் போனால் ஒரு கூண்டுக்கு 245 இழக்கிறீர்கள். மிஞ்சினால் திரும்பக் கொண்டுவரும் செலவும் தள்ளுபடியுமாக 105 இழக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 245ஐ இரண்டு இழப்புகளின் கூட்டுத்தொகையான 350ஆல் வகுத்தால் 0.7. இதுவரை போன பத்துக் கண்காட்சிகளின் விற்பனையைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள்: 4, 6, 7, 7, 9, 10, 12, 13, 15, 18. பத்தில் ஏழாவது எண் 12, அவ்வளவு கொண்டுபோகலாம். சராசரியைப் பார்த்திருந்தால் 10 என்று நின்றிருப்பீர்கள். மிஞ்சுவதைவிடப் போதாமல் போவது அதிக இழப்பு என்பதால் விடை சராசரிக்கு மேலே போகிறது. உடையக்கூடிய, தள்ளுபடியில்கூடப் போகாத பொருளாக இருந்து, மிஞ்சுவதால் வரும் இழப்பு பெரிதானால் இதே முறை சராசரிக்குக் கீழேயும் நிறுத்தக்கூடும்.

படி 10: புதிதாக ஒருவரைச் சேர்ப்பது

வேலை கற்றுக்கொள்ள ஒருவர் வருகிறார். சொல்லிக்கொடுக்க வாரம் 4 மணி நேரம், 12 வாரம் ஆகும். பிறகு அவர் வாரம் 10 மணி நேரம் பின்னுவார், மணிக்கு 25 கூலி.

கூண்டுகள் எட்டும் விற்கும் நிலையில் பாருங்கள். கற்பிக்கும் செலவு 4 × 45 × 12 = 2,160. பிறகு அவருடைய ஒவ்வொரு மணி நேரமும் கூலி போக 20 தரும், வாரம் 200. அவர் பின்னத் தொடங்கிய பதினோராவது வாரத்தில் செலவு திரும்பிவிடும், அதன் பிறகு வருவதெல்லாம் கூடுதல். தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம்.

கூண்டு ஆறுதான் விற்கும் நிலையில் அதே மனிதர், அதே கூலி. பின்னல் நேரத்தின் விலை இப்போது 20, கூலியோ 25. அந்த 20கூட முதல் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வரைதான் செல்லும், அதற்குப் பிறகு பிரம்பு இல்லாமல் கை சும்மா இருக்கும். அதே நிலையில் கூண்டின் விற்பனை எல்லையை 6இலிருந்து 7 ஆக்கிச் சால்வரை ஓட்டினால், முழு எண் கட்டுப்பாடு இல்லாத கணக்கில் மிச்சம் ஏறத்தாழ 92 கூடுகிறது. அப்படிப்பட்ட பட்டறை, சொல்லிக்கொடுக்க ஒதுக்க நினைத்த அந்த வாரம் 4 மணி நேரத்தைக் கூண்டுக்குப் புதிய கடை தேடப் போவதற்குச் செலவிட வேண்டும்.